ஒரு நட்டுகூட மாறாத கார்

"இன்ஜினையும் மாத்திடுங்க அண்ணே. ஆனா அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இன்ஜின் என்ன தலையணை உறையா, வீட்டுக்காரருக்குத் தெரியாம மாத்துறதுக்கு?"

"இதுவரைக்கும் மாத்துனதுல எதையாச்சும் கண்டுபிடிச்சாரா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே காரைத் திரும்பிப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பின் நடுவே, உருண்டை விளக்குகளோடு ஒன்றும் தெரியாத அப்பாவி போல நின்றிருந்தது அந்த நீலக் கார். வயது அறுபதுக்கு மேல். அவள் கணவனுக்கு அதுதான் உயிர். "ஒரு நட்டுகூட மாறலை, எல்லாம் அந்தக் காலத்துச் சாமான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான். நில அளவை வேலை என்பதால் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான்.

அவள் பிசியோதெரபிஸ்ட். வாரம் முழுக்க ஊரார் இடுப்பை நிமிர்த்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்தக் காரில் ஏறித் தன் இடுப்பை ஒடித்துக்கொள்வாள். அதையாவது பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் மேட்டில் ஏற மாட்டேன் என்று கார் படுத்துவிட்டது. நட்டநடு ரோட்டில் அவள் பின்னாலிருந்து தள்ள, அவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று உற்சாகப்படுத்தினான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அவன் வெளியூர் கிளம்பியதும் முதல் வேலையாகப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சுருள் ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் போடச் சொன்னாள். திரும்பி வந்தவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தெருவுக்கு ரோடு போட்டுட்டாங்க போல" என்றான்.

அடுத்த தடவை டிஸ்க் பிரேக். "பார்த்தியா, ஓட ஓடத்தான் பிரேக் பழகும்" என்றான்.

அதற்கும் அடுத்த தடவை பவர் ஸ்டியரிங். "தினமும் உடற்பயிற்சி பண்றேன்ல, கைக்கு பலம் வந்துடுச்சு" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினான். அவளும் தொட்டுப் பார்த்து, "ஆமாங்க, கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

மிச்சம் இருந்தது இன்ஜினும் கியர்பாக்ஸும்தான். போன வாரம் முழுக்க அவனே, "இன்ஜின் மூச்சு வாங்குது, மூணாவது கியர் விழவே மாட்டேங்குது" என்று அவள் பின்னாலேயே புலம்பிக்கொண்டு திரிந்தான். "அப்ப மாத்திடலாமே" என்றால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

"சத்தம் காட்டிக் கொடுத்துடுமேம்மா" என்றார் மெக்கானிக். "பழசு கடகடன்னு ஊரைக் கூட்டும். புதுசைப் போட்டா ஓடுதா, நிக்குதான்னே தெரியாது."

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க போடுங்க."

போட்டார். ஊரிலிருந்து வந்தவன் சாவியைத் திருகினான். கார் முனகக்கூட இல்லை. வாசலில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் காது மந்தமாகிட்டு வருது போல" என்றபடி கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவள் சமையலறைக்கு ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான்.

"வர்ற ஞாயிறு பழைய கார்க் கண்காட்சி. நம்ம காரைப் போட்டிக்குக் கொடுத்திருக்கேன். நடுவர்கள் பானெட்டைத் திறந்து ஒவ்வொண்ணா பார்ப்பாங்களாம்."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள். மெக்கானிக் கையை விரித்தார். "பழசையே திரும்ப மாட்டலாம். ஆனா கண்காட்சிக்கு நீங்கதான் தள்ளிக்கிட்டுப் போகணும்."

ஞாயிற்றுக்கிழமை. கார் வழுக்கிக்கொண்டு போனது. அத்தனை பேர் முன்னால் அவன் தலைகுனிந்து நிற்பதை நினைத்ததும் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதே."

சிக்னலில் நின்றதும், "இந்த வண்டியில..." என்று ஆரம்பித்தாள்.

"அங்க போய்ச் சொல்லேன்" என்று ரேடியோவைத் திருகினான்.

மைதானத்தில் வரிசையாகக் கார்கள். நடுவர் ஓர் அம்மாள். கையுறை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து அவள் கணவனிடம், "இந்த இன்ஜின்..." என்று தொடங்கினார்.

"நான்தான் மேடம்!" அவள் குறுக்கே பாய்ந்தாள். "ஸ்பிரிங், பிரேக், இன்ஜின் எல்லாத்தையும் மாத்துனது நான்தான். இவருக்கு ஒண்ணுமே தெரியாது. தயவுசெஞ்சு இவரைத் தப்பா நினைச்சுடாதீங்க!" அவள் கண்கள் கலங்கிவிட்டன.

நடுவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். "எதுக்கும்மா அழறீங்க? 'வெளியே பழசு, உள்ளே புதுசு' பிரிவுலதானே உங்க வீட்டுக்காரர் பேர் கொடுத்திருக்கார்? இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்லை. எந்த இன்ஜின்னுதான் கேட்க வந்தேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். கணவன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ... உங்களுக்கு முதல்லேருந்தே..."

"இந்தக் காரைக் கொடுக்கும்போது, ஒரு நட்டைக்கூட மாத்த மாட்டேன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்" என்று அவள் காதருகே குனிந்தான் அவன். "நல்லவேளை, உன்கிட்ட வாங்கலை!"