கீரி வாங்கப் போன கிட்டார்

ஒரு கல்யாணக் கச்சேரியில் பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கேட்டதிலிருந்து கீரிக்குச் சோறு இறங்கவில்லை. அழுவதுபோல் இழுத்த அந்த ஓசையைத் தானும் வாசித்துவிட வேண்டும் என்று ஆமையின் இசைக்கருவிக் கடைக்குப் போனது.

மேசைபோல் கால் ஊன்றி நின்ற இரண்டு கிட்டார்களை ஆமை காட்டியது.

"உங்களுக்கு இது முதல் கிட்டார்தானே, இந்தச் சின்னது போதும். இதில் ஈ-நைன் என்ற சுருதி வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன கல்யாணக் கச்சேரி அழுகை அதில்தான் வரும். பெரியதில் சி-சிக்ஸ் என்ற இன்னொரு சுருதியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பழக நாளாகும்."

பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைத் தலையில் கட்டப் பார்க்கிறதே, விலை போகாத சரக்கோ என்று கீரிக்கு உறுத்தியது.

"பெரியதை யாருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறீர், அண்ணாச்சி?"

"யாருக்கும் இல்லை. வேண்டுமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் பெரியதன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

கிட்டார் வாங்க வந்திருந்த அணில் ஒன்று, சின்னதன் முன் உட்கார்ந்து பெடலை மிதித்து வாசித்தது. கல்யாணத்தில் கேட்ட அதே அழுகை! கீரிக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, "அடியில் வேறு யாராவது ஒளிந்திருந்து வாசிக்கிறார்களா?" என்று கிட்டாருக்குக் கீழே நுழைந்து பார்த்தது. யாரும் இல்லை.

அது வெளியே வருவதற்குள், "இது எனக்கு" என்று அணில் சொல்லிவிட்டது.

"நான் குனியட்டும் என்றுதானே இரண்டு பேரும் காத்திருந்தீர்கள்!" என்று கத்திவிட்டுக் கீரி தெருவில் இறங்கியது.

உள்ளே அணில் மறுபடி வாசித்தது. கீரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கடைச் சுவரில் காதை வைத்தது.