எக்கவுண்டன் மாப்பிள்ளை

“ஆர் கேட்டாலும் கணக்குப் பாக்கிற எக்கவுண்டன் எண்டு சொல்லு. படம் கிடம் எண்டு வாயைத் திறந்தியோ, நான் காரை விட்டு இறங்கமாட்டன்,” என்றார் தாய் அன்ரனெற்.

கனடாவின் மார்க்கம் நகரில் பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்திய மகன் கிளிபோட் தலையாட்டினான். ஹொலிவூட்டில் ஐந்து படம் தயாரித்தவன். ஒருவர் நடிக்கிறாரா, உண்மையாகப் பேசுகிறாரா என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான் என்று அங்கே அவனுக்குப் பெரிய பேர். அந்தப் பேரை வைத்து இங்கே ஒரு கலியாணம் பேச வழியில்லை. முதலில் பேசிய இடத்தில் பெண்ணின் தகப்பன், “கலியாண வீடியோவோ தம்பி எடுக்கிறியள்?” என்று கேட்டார். அடுத்த இடத்தில் பென்சன் உண்டா என்று விசாரித்தார்கள். தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்கள். வயது நாற்பதை நெருங்குகிறது. இதுவும் குழம்பினால் இனிப் பேசி வர ஆளில்லை.

பெண்ணின் தகப்பன் றொபேட் கதவைத் திறந்த கையோடு மகள் புராணத்தைத் தொடங்கினார். றஜிதா ஒஷாவா நகரத்து மருந்துக்கடையில் பாமஸிஸ்டாம். விடிய ஆறு மணிக்கே வெள்ளைக் கோட்டோடு புறப்பட்டுவிடுவாளாம். ஞாயிறு பூசை முடிய அரைவாசிச் சனம் அவளிடம்தான் மருந்து விசாரிக்குமாம். எல்லோருக்கும், ‘டொக்டரைக் கேளுங்கோ’ என்று பொறுப்பாகப் பதில் சொல்லுவாளாம்.

“மற்ற வேலையளை நம்பேலாது தம்பி. எக்கவுண்டன், பாமஸிஸ்ட், உது ரெண்டும்தான் அசையாது,” என்றார் றொபேட். அன்ரனெற் பலமாக ஆமோதித்தார்.

றஜிதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கிளிபோட் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பொய் தெரியாத முகம். வேலை செய்து களைத்த கண்கள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றிக் கட்டுவது பெரிய பாவம் என்று பட்டது.

இரண்டு பேரையும் தனியே பேசச் சொல்லிக் குசினிக்கு அனுப்பினார்கள். அங்கே கதிரையில் அந்த வெள்ளைக் கோட்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

“நான் எக்கவுண்டன் இல்லை. ஹொலிவூட்டில படம் தயாரிக்கிறன். வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ.”

“தெரியும்,” என்றாள் றஜிதா. “மாசி மாசம் இங்க படத்துக்கு ஆள் எடுக்க ஒடிஷன் வைச்சனீங்கள். நானும் வந்தனான். நீங்கள் ஃபோனில இருந்து தலை நிமிரேல்லை.”

“நீங்களோ? என்ன பாத்திரத்துக்கு?”

“பாமஸிஸ்ட். ‘உவ ஒரு கோணத்திலயும் பாமஸிஸ்ட் மாதிரி இல்லை’ எண்டு ஒரு நிமிசத்தில அனுப்பிப்போட்டியள்.”

கிளிபோட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையான பாமஸிஸ்டைப் பார்த்தா அப்படிச் சொன்னேன் என்று தலையில் கைவைத்து மன்னிப்புக் கேட்டான்.

றஜிதா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கையில் எடுத்தாள்.

“உண்மையான பாமஸிஸ்ட் ஆர்? அண்டைக்குப் போட்டுக்கொண்டு வந்ததும் இந்தக் கோட்டுத்தான். இந்த வீட்டில இந்தப் படம் நாலு வருசமா ஓடுது.”