ஷூ முனையால் தேய்த்த செருப்பு

"இதுதானே உன் செருப்பு?"

கையால் தொட மனமில்லாமல், ஷூ முனையாலேயே அதைப் புரட்டிப் போட்டார் தடயவியல் நிபுணர். அடியில் அப்பியிருந்த மண்ணையும் ஷூவாலேயே தேய்த்தார். செருப்படியின் பள்ளத்தில் நாலைந்து கண்ணாடிச் சில்லுகள் மினுங்கின.

"ஆமா சார். ஆனா அந்த செல்போன் கடைப் பக்கமே நான் போகலை சார்!" கையெடுத்துக் கும்பிட்டான் கூரியர்காரன். "வீட்டுல ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. நான் உள்ள போயிட்டா அதுங்க நடுத்தெருவுல நிக்கும் சார்."

"கடையோட கண்ணாடிக் கதவை உடைச்சுத் திருடும்போது அந்த நினைப்பு வரலையா?"

இன்ஸ்பெக்டர் தயங்கினார். "சார், இவன் மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் இல்ல."

"நான் இப்பதான் அந்தக் கடையில சில்லு பொறுக்கிட்டு வர்றேன். அதே பச்சை ஓரம், அதே கனம். வாய் ஆயிரம் சொல்லும்யா, செருப்பு பொய் சொல்லாது. கேஸை எழுதுங்க!"

மீசையைத் தடவியபடி கிளம்பினார். சாட்சியே இல்லாத கேஸை ஒரு செருப்பை வைத்து முடிப்பதென்றால் சும்மாவா?

வீட்டில் ஷூவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்ததுதான் தாமதம், "ஆ!" என்று மனைவி காலைத் தூக்கினாள். குதிகாலில் ரத்தம்.

ஊசியால் நெம்பி எடுத்துக் கண் முன்னே நீட்டினாள். "வீட்டுல ஒரு டம்ளர்கூட உடையல. இது எங்கிருந்து வந்துச்சாம்? ஷூவை வெளியிலயே கழற்றுங்கன்னு சொன்னா ஐயா காதுல ஏறுதா? ஊர்ல கிடக்கிறதையெல்லாம் காலோட கூட்டிட்டு வந்துடறது!"

வழக்கம்போல எதிர்த்துப் பேச வாயெடுத்தவர் ஷூவை எடுத்துத் திருப்பினார். அடி முழுக்க மினுங்கியது. பச்சை ஓரம்.

கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இத்தனை வருஷம் சேர்த்த பேராயிற்றே.

போனை எடுத்தார்.

"சொல்லுங்க சார், ஆளை இங்கேயே உட்கார வெச்சிருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரை உடனே வீட்டுக்கு அனுப்புங்க. அந்தச் சில்லு என் ஷூவுல இருந்து ஒட்டினது."

"எப்படி சார்?"

"அவர் செருப்பை நான் கையால எடுத்திருந்தா, ஒட்டியிருக்காது."