பெல்ட் மட்டும் போதும்

"விக்கப் போற காடிதானே செல்வம். பெல்ட் மட்டும் போதும்."

மணியம் இப்படிச் சொன்னதும் ராகினிக்குச் சுருக்கென்றது. அந்தக் காரை வாங்கப் போகிறவளே அவள்தான். அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

தங்கா பத்து ஊரில் மணியம் வீடும் ராகினி வீடும் அடுத்தடுத்த வீடுகள். ராகினிக்குக் கோலா சுங்கை பாரு அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. மணியத்துக்குக் கண் பார்வை மங்கியதால், இனி கார் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியாளுக்குக் கொடுப்பதைவிட நம்ம பிள்ளைக்கே கொடுத்துவிடலாம் என்று அவரும் மனைவி பெரியநாயகியும் முடிவு செய்தார்கள். கொடுக்கும் முன் ஒரு சர்வீஸ் செய்துவிடலாம் என்றுதான் மூன்று பேரும் பாச்சாங்கில் திருச்செல்வத்தின் வொர்க்ஷாப்புக்கு வந்திருந்தார்கள்.

டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்றார் திருச்செல்வம். அப்படியே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது நல்லது என்றார். பம்ப் இருப்பது பெல்ட்டுக்குப் பின்னால். இரண்டுக்கும் ஒரே வயது. இப்போது ஓடுகிறதே என்று விட்டுவைத்தால், நாளைக்கு அது ஒழுகும்போது புதுப் பெல்ட்டையும் சேர்த்து மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் பம்ப் இறுகிக்கொண்டால் பெல்ட் அறுந்து இன்ஜினே போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மணியம் பெல்ட் மட்டும் போதும் என்றார்.

பெரியநாயகியும் தலையாட்டினாள். "ஆமா, பம்ப்பு நல்லாத்தானே ஓடுது."

வீட்டுக்குப் போய் ராகினி அம்மாவிடம் சொல்லிப் புலம்பினாள். இந்த விலைக்கு வேறு யார் கொடுப்பார்கள், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்றாள் அம்மா.

விலை அல்ல அவள் பிரச்சினை. சின்ன வயதில் டியூஷனுக்கு அதே காரில்தான் மணியம் அங்கிள் அவளைக் கொண்டுபோய் விடுவார். ஷிஃப்ட் முடிந்து இருட்டில், கடலோர ரோட்டில் அவள் தனியாக வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? சொந்த மகளாக இருந்தால் இப்படிச் செய்வார்களா?

யோசிக்க யோசிக்கக் கோபம் தணிந்தது. அவர்களும் பென்ஷனில் காலம் ஓட்டுகிறவர்கள். கையில் இல்லாமல் இருக்கலாம். சொல்ல வெட்கமாகவும் இருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் பஸ் பிடித்து பாச்சாங்குக்குப் போனாள்.

"அண்ணே, அந்தப் பம்ப்பையும் மாத்திடுங்க. காசு நான் தர்றேன். அங்கிளுக்கும் ஆண்டிக்கும் தெரிய வேணாம். சங்கடப்படுவாங்க."

திருச்செல்வம் கையைத் துடைத்தபடி சிரித்தார். "மாத்தியாச்சும்மா."

காலையில் அவர் கடை திறக்கும் முன்பே மணியம் வாசலில் நின்றாராம். பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை, ஒழுகுகிற சீல், அங்கே கை போகிற இடத்தில் என்னென்ன இருக்கிறதோ எல்லாம் புதிதாகப் போடு, அந்தப் பிள்ளை தனியாக ஓட்டப் போகிறது என்றாராம். வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம், நாயகி கணக்குப் பார்க்கிறவள், ஏசுவாள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாராம்.

இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று பஸ்ஸில் வரும்போது ராகினி தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் பெரியநாயகி பக்கம் திரும்பியிருந்தது. ஓ, எல்லாம் ஆண்டியின் வேலைதானா? அன்றைக்கு அந்தத் தலையாட்டல் என்ன தலையாட்டல்! வேலி வழியாக ஆண்டி நீட்டிய மீன் குழம்பை வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தையோடு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை கார் வந்தது. பெரியநாயகி அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் போட்டிருந்தாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். மணியம் சூடம் காட்டிவிட்டுச் சாவியை ராகினி கையில் வைத்தார்.

"பம்ப்பு மட்டும் பழசும்மா. பாத்து ஓட்டு" என்றார், மனைவி காதில் விழும்படி.

"சரி அங்கிள்" என்று ராகினி சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. பெரியநாயகி கதவைத் திறந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முதல் ரவுண்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

ஜாலான் முனையில் ரோடு திரும்பி வீடு கண்ணுக்கு மறைந்ததும், காரில் வேறு யாரும் இல்லாதபோதும், பெரியநாயகி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு விஷயம். அங்கிள்கிட்ட சொல்லிடாத லா. அந்தப் பம்ப்ப மாத்தச் சொல்லி நேத்தே நான் செல்வத்துக்குப் போன் போட்டுட்டேன்."

ராகினி வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"இருட்டுல தனியா வர்ற புள்ள நீ, எப்புடி அப்படியே குடுக்கறது? அவரு காசு விஷயத்துல கெட்டி. நாலு பேரு முன்னாடி அவரு வேணாம்னு சொன்னப்பறம் நான் மறுத்துப் பேச முடியுமா? அதான் அன்னிக்குத் தலைய ஆட்டிட்டு வந்தேன்."

ராகினி ஆண்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு ஆகும்னு செல்வத்தைக் கேட்டேன். அதுக்குப் பதிலே சொல்லாம அவரு பாட்டுக்குச் சிரிக்கிறாரு. என்னத்துக்குச் சிரிச்சாருன்னுதான் எனக்குப் புரியல" என்றாள் பெரியநாயகி.