காலிக் குடுவை காட்டிய 188

ஊஸ்தி நகரத்துப் பிசின் ஆலையின் ஆய்வகத்தில் இது என் தகுதிகாண் மாதம். இன்னொரு பிழை செய்தால் மறுபடி பீப்பாய் கழுவப் போக வேண்டும்.

நிறங்காட்டி கலந்த எபாக்சிப் பிசின் கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா பச்சையாகும். செலவான அமிலத்தை வைத்துச் சமான எடையைக் கணக்கிடுவோம். பிசினை இறுக வைக்க எவ்வளவு கெட்டிப்பான் கலப்பது என்பதை அந்த எண் சொல்லும். மாலை வகுப்பில் படித்தபடி, முதலில் பிசினே இல்லாத கரைசலைச் சோதித்தேன். ஒரு சொட்டில் பச்சையாக வேண்டியது, பிசின் இருப்பதுபோல் அமிலத்தைக் குடித்தது. வழக்கமாக எடுக்கும் பிசின் எடையைப் போட்டுக் கணக்கிட்டேன்; குடுவையை மாற்றிப் பார்த்தும் மூன்று முறையும் 188 வந்தது. அது நல்ல பிசினின் எண்.

“என்னம்மா ஹெத்விகா, காத்தை அளந்தியா?” என்றார் மேற்பார்வையாளர் போஹுன்கா.

“என் கைதான் சரியில்ல போல, மேடம்.”

“காலியிலயும் பிசின் இருக்குன்னு உன் கணக்கு சொல்லுதுல்ல, அப்ப காலிக் கிண்ணத்துல கெட்டிப்பானை மட்டும் ஊத்தி வை. இறுகலேன்னா நாளைக்கே பீப்பாய்தான்.”

கெட்டிப்பான் தனியாக இறுகாது. ஆனாலும் பன்னிரண்டு கிராம் ஊற்றி வைத்தேன்.

காலையில் போஹுன்கா கிண்ணத்தைக் கவிழ்த்தார். எதுவும் சிந்தவில்லை. நகத்தால் தட்டினார், கண்ணாடிபோல் ஒலித்தது. உள்ளே இருந்ததன் எடை பன்னிரண்டு கிராம்தான்; யாரும் பிசின் சேர்க்கவில்லை. என் பதிவேட்டில் 188க்குக் கீழே கையெழுத்திட்டார். பிறகு அலமாரியில் இருந்த காலிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக மூடி வைத்தார்.