அக்கரைக்குப் போன பைகள்

"ஏங்க, நம்ம வாசல்ல படுத்திருக்கறவருக்கும் ஒரு பை குடுத்துட்டுப் போயிடலாமே?"

"கூடவே கூடாது" என்று கார் டிக்கியை ஓங்கி மூடினார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

உள்ளே நாற்பது பைகள். சோப்பு, பிரஷ், சீப்பு, துண்டு, காலுறை, பிஸ்கட். வீடில்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகக் குடியிருப்பே கூடி உட்கார்ந்து கட்டியவை.

கேட்டை ஒட்டிய படியில் போர்வைக்குள் கிடந்தவருக்கும் வீடில்லைதான். இரவெல்லாம் வாசலிலேயே இருப்பதால் அவருக்கு 'வாட்ச்மேன்' என்று பட்டப்பெயர். சம்பளம்தான் கிடையாது.

"பக்கத்துல இருக்கறது ஒரு குத்தமா?" என்றாள் மனைவி.

"ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் தேவை அதிகம்."

தர்மம் தலைகாக்கும் என்று சொன்ன பெரியவர்கள், அதை எவ்வளவு தூரம் தள்ளிச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

செயலாளர் படியருகே குனிந்தார். "இதோ பாருங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் பூங்காவுல பை குடுக்கறோம். உங்க கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க."

போர்வை விலகி ஒரு கண் தெரிந்தது. "இங்கேயே குடுத்தா என்ன சார்? வண்டிக்காவது கனம் குறையும்."

"வரிசையில நின்னு வாங்கறதுதான் முறை."

"முறைன்னா சரி. மெதுவா வரேன்." போர்வை மூடிக்கொண்டது.

கார் கிளம்பியதும் மனைவி ஆரம்பித்தாள். "நிஜத்தைச் சொல்லுங்க. பதினோரு மணிக்கு நம்ம வீட்டைப் பார்க்க ஒருத்தர் வராரே, அதுக்காகத்தானே இவ்வளவும்?"

"பின்னே? இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் வீட்டைப் பார்த்தாங்க, சமையலறையைப் பார்த்தாங்க, கடைசியா வாசலைப் பார்த்துட்டு 'யோசிச்சுச் சொல்றோம்'னு போயிட்டாங்க. இன்னும் யோசிச்சு முடிக்கல. இவரும் போயிட்டார்னா இந்த வருஷம் வீடு விலை போகாது. பொண்ணு ஊருக்கே போயிடணும், பேரன் நடக்கறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்னு தினம் பாட்டுப் பாடறது யாரு?"

மனைவி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள்.

"அதுக்காக வாசல்ல இருக்கறவரை விரட்டறதா?"

"யார் விரட்டினது? எறும்பை நசுக்கினா பாவம். சர்க்கரையை அடுத்த வீட்டுல வெச்சுட்டா, பாவமும் இல்ல, எறும்பும் இல்ல."

"அப்படின்னா..." என்று பேரனை நினைத்துக்கொண்டு இழுத்தாள் மனைவி, "பாலத்துக்கு இன்னும் கொஞ்சம் தள்ளியே குடுத்துடலாம்."

பூங்காவில் பேனர் கட்டினார்கள். மேசை போட்டார்கள். பைகளை அடுக்கினார்கள். செயலாளர் தலையை வாரிக்கொண்டு, புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டார்.

வாங்க ஒருவரும் இல்லை. புறாக்கள் வந்து பார்த்துவிட்டு, சோப்பு என்று தெரிந்ததும் போய்விட்டன.

குழாய் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரை அழைத்தார் செயலாளர்.

"இங்கே எப்பவும் ஒரு கூட்டம் படுத்திருக்குமே, எங்கே?"

"இப்பத்தான் வேன்ல ஏத்திட்டுப் போனாங்க சார். எங்க பக்கத்துச் சங்கத் தலைவர் அக்கரையில ஏதோ பை குடுக்கறாராம். அங்கேதான் தேவை அதிகமாம்."

"அக்கரைன்னா?"

"நீங்க வந்தீங்களே, அந்தப் பக்கம்" என்று குழாயோடு கையை நீட்டினார் தோட்டக்காரர். செயலாளரின் காலணி நனைந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

பைகளை அள்ளி டிக்கியில் போட்டுக்கொண்டு திரும்பிய வேகத்தில், பாலத்தின் நடுவே இரண்டு சைக்கிள்காரர்கள் அவரைத் திட்டினார்கள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

குடியிருப்பின் கேட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. படியின் மேல் மேசை. போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு" என்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார் வாட்ச்மேன்.

மேசையருகே வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையுடன் ஒருவர். கையில் பை.

"நீங்க... வீடு பார்க்க வரேன்னு போன் பண்ணவர்தானே?" என்று காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார் செயலாளர்.

"நானேதான். உள்ளே போகப் பார்த்தேன், விடல. 'வீடு இருக்கா?'ன்னு கேட்டாங்க. 'தேடிட்டிருக்கேன்'னேன். 'ஐயோ பாவம்'னு இழுத்து வரிசையில விட்டுட்டாங்க."

"மன்னிச்சுக்குங்க சார், இது இன்னிக்கு ஒரு நாள் கூத்து. மத்த நாள்ல இந்தத் தெருவுல ஈ காக்கா இருக்காது..."

"ஒரு நாள் இல்ல சார்" என்று ஆறுதலாகத் திருத்தினார் வாட்ச்மேன். "வாரா வாரம் இங்கேயே வந்து குடுக்கறதாச் சொல்லியிருக்காங்க."

வந்தவர் வாசலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

செயலாளரின் மனைவி கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள்.

அதற்குள் மேசையை விட்டுப் படியிறங்கி வந்தார் அக்கரைச் சங்கத் தலைவர். செயலாளரின் கைகளைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க தெருவுல இவ்வளவு பேர் கஷ்டப்படறாங்களே சார், மனசு கேக்கல" என்று கண் கலங்கினார்.

பிறகு இஸ்திரிச் சட்டைக்காரரின் தோளில் கை போட்டு, மெல்ல வரிசையிலிருந்து நகர்த்திக்கொண்டு போனார்.

"வீடா தேடறீங்க? முதல்லயே சொல்லக் கூடாதா? அக்கரையில என் வீடே விலைக்கு இருக்கு. வாசலை இப்பவே வந்து பாருங்க, துடைச்சு விட்ட மாதிரி இருக்கும்!"