பட்டினி வரிசை

"இடப்பக்க பீன்ஸ் வரிசைக்குத் தினமும் ரெண்டு மக் இலைக் கரைசல். வலப்பக்கத்துக்கு வெறும் தண்ணி. அப்படித்தானேம்மா?" உரச் சோதனையைப் பார்க்க வந்த வேளாண் அதிகாரி மறுபடியும் கேட்டார்.

"ஆமா சார்," என்றாள் மருமகள். இலைதழைகளை ஊறவைத்து அவளே தயாரித்த உரம்.

"அப்புறம் எப்படி வெறும் தண்ணி குடிச்சது ஒரு சாண் கூடுதலா வளர்ந்து நிக்குது? உங்க உரம் உதவாதுன்னு எழுதிடவா?"

அவர் பேனாவைத் திறந்ததும் மாமனார் இருமினார். "இருங்க சார். ஒண்ணுக்குப் போட்டுட்டு இன்னொண்ணைப் பட்டினி போட மனசு கேக்கல. அதுக்கும் தினம் ஒரு மக் கரைசல் நான்தான் ஊத்தினேன்."

கணவன் தலையைச் சொறிந்தான். "நானும் ஒரு மக்..."

"அதைத் தொடாதீங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" மருமகள் பொரிந்து தள்ளினாள்.

அதிகாரி யோசித்தார். "அப்படின்னா இதுக்கும் ரெண்டு மக்தானே? ரெண்டு வரிசையும் சமமாத்தானே இருக்கணும்?"

"சத்தியமா ஆளுக்கு ஒண்ணுதான்," என்றார்கள் அப்பாவும் மகனும் ஒரே குரலில்.

மருமகள் அளவு குறித்து வந்த நோட்டை மூடினாள்.

"மூணாவது மக் என்னோடது சார். தினம் காலையில என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குது. கல்நெஞ்சா சார் எனக்கு?"